வடக்கு ஜன்னலோரம் ஆறு பற்கள்

தர்மபுரி பஸ்ஸில் வந்த பார்சலைப் பிரித்தபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகே, மாடியில் இயங்கும் ஒரு டென்டல் லேப். பெட்டிக்குள் சிலிக்கோனில் எடுத்த மேல்வரிசைப் பல் அச்சு. கூடவே கேஸ் ஷீட். பெண், வயது 22. முன்பற்கள் ஆறுக்கும் வெனீர். ஷேட், பி.எல்.1. அதற்குக் கீழே பேனாவால் ஒரே சொல்: ஃபுளோரோசிஸ்.

அந்தச் சொல்தான் என்னை அங்கே இழுத்துப் போயிருந்தது. பென்னாகரம் பக்கத்தில் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் நான். எங்கள் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் பல் தெரியச் சிரித்தவர் ஒருவர்கூட இல்லை. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. எங்கள் மாவட்டத்துப் பாறைகளில் ஊறிவரும் நீர் பல இடங்களில் அதைத் தாண்டும். ஈறுக்குள் நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அந்த நீரைக் குடித்தால் எனாமல் சரியாகக் கெட்டிப்படாது. பல் சுண்ணாம்புத் திட்டோடு முளைக்கும். போகப்போக அது பழுப்பேறும். எத்தனை தேய்த்தாலும் போகாது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. அதற்கு முன்பே பல் முளைத்துவிட்ட எங்களுக்கு அது பிந்தி வந்த தண்ணீர். பெண் பார்க்கப் போன இடத்தில் பல்லைப் பார்த்துவிட்டு, 'ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம்' என்று எழுந்துபோனவர்களை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை, சூளைச் சூட்டைத் தாங்கும் மாதிரிகளாக, லேப் மொழியில் 'டை'களாக, அந்தப் பெண்ணின் ஆறு பற்களும் மேசைமேல் இருந்தன. செராமிஸ்ட் அண்ணனுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முப்பது வருஷமாக இந்த மேசைதான். 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் இவரைப் போன்றவர்களுக்கு வைத்த பெயர் டென்டல் மெக்கானிக். இவர் செய்த பல்லோடு நடமாடும் யாருக்கும் இவர் பெயர் தெரியாது. அவர்கள் முகம் இவருக்கும் தெரியாது.

டாக்டர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார், அரை மில்லிமீட்டர் அளவுக்கு ராவிய பிறகு எடுத்தது. ஐந்து பற்களில் கறை வெளிறியிருந்தது. இடப்பக்க நடுப்பல்லில் மட்டும் புளியங்கொட்டை நிறத்தில் ஒரு திட்டு அப்படியே நின்றது.

"இந்த ஒத்தப் பல்லுதான் தம்பி வேலை வைக்கும்" என்றார் அண்ணன்.

வெனீர் என்பது பல்லின் முன்பக்கம் ஒட்டும் செராமிக் ஓடு; பூசணி விதையின் ஓடு போல மெல்லியது. வெளிச்சம் அதற்குள் புகுந்து, அடியில் உள்ள பல்லைத் தொட்டுத் திரும்பும். அடியில் கறை இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டுதான் வரும். கறையை மறைக்க வெளிச்சத்தை முழுக்க அடைத்தாலோ, டிஸ்டம்பர் அடித்த சுவர் மாதிரி பல் செத்துப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவே அவருக்குக் கிடைப்பது அரை மில்லிமீட்டர் இடம்.

செராமிக் பவுடரைக் கண்ணாடித் தட்டில் குழைத்தார். திட்டுக்கு நேரே மட்டும் ஒளி புகாத பூச்சு ஒன்றைத் தூரிகை நுனியால் தடவினார். அதன் ஓரத்தைக் கோடு விழாதபடி கரைத்துவிட்டார். மேலே பல்லின் உள்நிறம்; விளிம்புக்குக் கண்ணாடி போன்ற கலவை. ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் ஒரு கருவியின் வரிவரியான பிடியை டையின் மீது உரசி அதிர வைத்தார். மேலே கசிந்த நீரை டிஷ்யூ பேப்பர் குடித்தது. வெந்தால் சுருங்கும் என்பதால் பல்லை ஐந்தில் ஒரு பங்காவது பெரிதாகக் கட்ட வேண்டும். பார்க்க ஆறும் குதிரைப்பல் போல இருந்தன. அடுத்த மேசையில் ஒரு பெண் முகக்கவசத்தோடு வேறொரு கேஸை ராவிக்கொண்டிருந்தார். தூசி உறிஞ்சும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால் மீட்சி கிடையாது. அந்தக் குழாய் இல்லாத லேபுகளில் வேலை செய்பவர்களை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது.

வெனீர் பிறந்தது நடிகர்களுக்காக. ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் படப்பிடிப்புக்கு மட்டும் அதை ஒட்டிவிடுவார். அதோடு சாப்பிட முடியாது. 1955-இல் புவோனோகோர் என்ற ஆய்வாளர் எனாமலை அமிலத்தால் அரித்து ஒட்டும் வழியைக் கண்டார். 1980-களில் செராமிக்கையும் அப்படி அரிக்கக் கற்ற பிறகுதான், விரலால் அழுத்தினாலே உடையும் இந்த ஓடு வருஷக்கணக்காக வாயில் நிற்கத் தொடங்கியது.

ஷேட் கார்டை எடுத்துக்கொண்டு அண்ணன் வடக்கு ஜன்னலுக்குப் போனார். "டியூப் லைட்டை நம்பக் கூடாது தம்பி." வழக்கமான கார்டில் ஏ1 தொடங்கி டி4 வரை 16 நிறங்கள். பி.எல்.1 அதில் இல்லாத வெள்ளை. இயற்கையில் அப்படிப் பல் அமைவது அபூர்வம். டாக்டரைக் கூப்பிட்டு, "ஒரு படி இறக்கிக்கலாமுங்களா?" என்று கேட்டார். பெண் பிடிவாதமாக இருப்பதாகப் பதில் வந்தது. அவள் பக்கம்தான் எனக்கு நியாயம் பட்டது. இத்தனை வருஷம் கைக்குட்டைக்குள் சிரித்தவள் வெள்ளையைக் கேட்டால் வெள்ளையைத்தான் கொடுக்க வேண்டும். அண்ணனும் கொடுத்தார். ஈறோரத்தில் மட்டும் இம்மி அளவு மஞ்சள் சேர்த்தார், அது பல்லாகவே தெரிவதற்கு.

ஃபர்னஸ் 900 டிகிரியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, என் பல்லைக் காட்டட்டுமா என்று கேட்டேன். ஜன்னலோரம் உட்காரவைத்து, உதட்டை ஒதுக்கச் சொல்லி, நேராகப் பார்த்தார். என் பல்லை ஒருவர் முகம் சுளிக்காமல் அவ்வளவு நேரம் பார்த்தது அதுவே முதல் தடவை.

"நான் டாக்டர் இல்லீங்க. ஆனா உங்களுது மேலாப்புல இருக்குற கறைதான் போலிருக்கு. மொதல்ல மேலோட்டமா மெருகு போட்டுப் பார்க்கலாமான்னு கேளுங்க. எனாமலை ராவினா திரும்ப வளராது. வெனீரு கடைசியா இருக்கட்டும்."

வெனீர் செய்து பிழைக்கிறவர் அப்படிச் சொன்னார்.

ஃபர்னஸ் கூப்பிட்டது. ஆறியதும் டையை மணல் பீய்ச்சி உதிர்த்தார். இடப்பக்க நடுப்பல்லைத் தண்ணீரில் நனைத்து, கேஸ் ஷீட்டில் எழுதியிருந்ததன் மேல் வைத்தார். விளிம்போரம் பேனா மை மங்கலாகத் தெரிந்தது. நடுவில், அந்தத் திட்டுக்கு நேரே, ஒன்றும் தெரியவில்லை.