செத்த காலேஜில் ஒரு பாடம்

சென்னைப் பட்டணத்துப் பழைய மக்களின் நாவில் இரண்டு கல்லூரிகள் வழங்கி வந்தன. ஒன்று ‘உயிர்க் காலேஜ்’. மற்றொன்று ‘செத்த காலேஜ்’. முன்னது மிருகக் காட்சிசாலை. பின்னது எழும்பூர் அருங்காட்சியகம். தேர்வும் பட்டமும் இல்லாத இவ்விடங்களுக்குக் கல்லூரி என்ற பெயர் வாய்த்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1851-ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றபோது, நுங்கம்பாக்கத்தில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடமே அதற்கு இடமாயிற்று. 1854-இல் அது எழும்பூர் பாந்தியன் வளாகத்திற்குக் குடிபெயர்ந்தது. ஆனால் மக்கள் சூட்டிய பெயர் மட்டும் உடன் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அரபு மொழியில் அருங்காட்சியகத்திற்கு ‘மத்ஹஃப்’ என்று பெயர். ‘துஹ்ஃபா’ என்னும் சொல்லோடு பிறந்த சொல் அது. துஹ்ஃபா என்றால் அரிய அன்பளிப்பு. முன் சென்றோர் விட்டுச் சென்ற அன்பளிப்புகள் வைக்கப்பட்டுள்ள இல்லம் என்று நாம் அதற்குப் பொருள் கொள்ளலாம். செத்த காலேஜ் என்ற பெயரைக் காட்டிலும் இந்தப் பெயரே நமக்கு உவப்பாகப் படுகிறது.

நம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்துக் குடும்பங்கள் சென்னைக்குச் செல்லாதவை அல்ல. லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் புறப்படும் பிள்ளைகளை விமானம் ஏற்றிவிடச் செல்கின்றனர். பெரிய மருத்துவரைக் காணச் செல்கின்றனர். கல்யாணத்திற்கு ஜவுளி எடுக்கச் செல்கின்றனர். மெரீனாவில் சிறிது நேரம் காற்று வாங்கிவிட்டு அன்றிரவே ஊர் திரும்பிவிடுகின்றனர். அரியலூரில் ரயிலேறி எழும்பூரில் இறங்குவோருக்கு அருங்காட்சியகம் நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. இருந்தும் அதன் வாயிலை மிதித்தவர் நம்மில் எத்தனை பேர்?

இந்நிறுவனத்தின் முதற் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றவர். திருவல்லிக்கேணியில் 1850-இல் முகமதியப் பொது நூலகம் தோன்றக் காரணமாய் இருந்தவரும் அவரே. அருங்காட்சியக வளாகத்தில் அவர் வளர்த்த சில விலங்குகளைக் காண மக்கள் திரண்டு வருவதைக் கண்டு, கர்நாடக நவாபை அணுகி அவரிடமிருந்த விலங்குகளையும் பெற்றார். உயிர்க் காலேஜ் அவ்வாறு பிறந்ததுதான். பின்னர் அது வேறிடம் பெயர்ந்து, 1985 முதல் வண்டலூரில் நிலைபெற்றுள்ளது. ஆகவே இந்த நிறுவனத்தின் தொடக்க வரலாற்றில் நம் சமுதாயத்துக்கும் ஒரு பங்கு உண்டென்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

நம்மிடம் மார்க்கக் கல்வி பயிலும் பிள்ளைகளை விடுமுறையில் அங்கே அழைத்துச் செல்ல நாம் எண்ணியபோது, ஒரு பிள்ளையின் தந்தை தயங்கினார். “சிலைகள் நிறைந்த இடமாயிற்றே, ஹஜ்ரத்? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?” என்று வினவினார். கேட்க வேண்டிய கேள்விதான். அமராவதிச் சலவைக்கல் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அந்த வளாகத்தின் பெருஞ்செல்வங்கள். அவற்றை நாம் வணங்கச் செல்லவில்லை, அறியச் செல்கிறோம். திருமறை பல இடங்களில், பூமியில் பயணம் செய்து முன் சென்ற சமூகங்களின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு மனிதனை ஏவுகிறது. கண்ணை மூடிக்கொண்டு செல்பவன் அந்த ஏவலை எவ்வாறு நிறைவேற்றுவான்? மேலும், நம் அண்டை வீட்டார் புனிதமாகக் கருதும் பொருள்கள் அவை. அவற்றின் முன் அடக்கத்தோடு நிற்கப் பழகுவதும் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கமே. கெய்ரோ நகரின் புகழ்பெற்ற இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம், 1903-இல் தனக்கெனக் கட்டடம் பெறுவதற்கு முன், அல்ஹாக்கிம் பள்ளிவாசலின் எல்லைக்குள்தான் தொடங்கியது என்பதையும் அவரிடம் எடுத்துரைத்தோம். அவர் மகனை அனுப்பியதோடு, தாமும் உடன் வந்தார்.

செல்ல விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு: இவ்வருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. மதரசாக்களுக்கும் வெள்ளியே விடுமுறையாதலால், அந்நாளில் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றால் பூட்டிய கதவைத்தான் காண நேரும். வேறொரு நாளில் காலையிலேயே நுழைந்துவிட வேண்டும்.

உள்ளே எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயல்வது வீண். நான்கைந்து பொருள்களின் முன் நின்று பார்த்தாலே போதும். பழங்கற்காலக் கருவிகளை முதலில் காணலாம். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலார் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கோடரி அது. இந்நாட்டின் பழங்கற்கால வரலாறு அந்தக் கல்லிலிருந்தே தொடங்கிற்று. அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய தொகுப்பு 1904-இல் இவ்வருங்காட்சியகத்தை வந்தடைந்தது. பிள்ளைகளை வழியனுப்ப நாம் செல்லும் மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கு அடுத்த ஊர்தான் அந்தப் பல்லாவரம்.

அதன் பின்னர் ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள். தாமிரபரணிக் கரையில் தாழிகளில் அடக்கம் செய்யப்பெற்றோரின் இரும்புக் கருவிகளையும், மெல்லிய பொன் நெற்றிப்பட்டங்களையும் அங்கே காணலாம். பொன்னை அணிந்தவர் போய்விட்டார், பொன் இருக்கிறது. மய்யித்துத் தொழுகை முடிந்து மையவாடியில் நாம் பெறும் உணர்வையே அங்கும் பெற்றோம்.

நாணயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரபு எழுத்துப் பயின்ற சிறுவர்க்கு அது ஒரு தேர்வு மண்டபம். முகலாயர் நாணயங்களில் உள்ள பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்க அவர்கள் போட்டியிடுவர். மைசூர் திப்பு சுல்தான் வழக்கமான ஹிஜ்ரி ஆண்டை விடுத்து, ‘மவ்லூதி’ என்னும் புதிய ஆண்டுக் கணக்கைத் தம் நாணயங்களில் பொறித்தார். அதன் எண்களையும் எழுத்தைப் போலவே வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டால், ஒரு செப்புக்காசை வைத்துக்கொண்டு பிள்ளைகள் அரை நாழிகை விவாதிப்பர்.

நேரம் இருப்பவர்கள் கோட்டை அருங்காட்சியகத்தையும் காணலாம். 1795-இல் வணிகர் கூடும் இடமாகக் கட்டி முடிக்கப்பெற்ற மாளிகையில் அது 1948 முதல் இயங்குகிறது. ஆர்க்காட்டு நவாபுகளின் உருவப்படங்கள் அங்கே உள்ளன. பெரம்பலூருக்கு அருகே ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்தவர்கள், அந்தக் கோட்டையின் கதை எந்த அரண்மனைகளோடு தொடர்புடையது என்பதை அங்கே உணர்வார்கள்.

ஆனால் நம்மை அதிகம் சிந்திக்க வைத்தது எழும்பூரில் நிலவியல் பகுதியில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி. ஆட்டுக் கொம்பைப் போலச் சுருண்ட கல் ஒன்று கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. அதை உற்றுப் பார்த்த மாணவன் ஒருவன், “ஹஜ்ரத், இது எங்கள் அத்தா வேலை செய்யும் சுரங்கத்தில் நிறையக் கிடக்கிறது. அங்கே இதை உடைத்து லாரியில் ஏற்றுகிறார்கள்” என்றான். உடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சிறுவன் கூறியது முற்றிலும் உண்மை.

அந்தக் கல்லுக்கு அம்மோனைட் என்று பெயர். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பூண்டற்றுப் போன ஒரு கடல் உயிரினத்தின் ஓடு அது. நாம் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் விதைக்கும் நிலம் ஒருகாலத்தில் கடலாய் இருந்தது. அந்தக் கடல் விட்டுச் சென்ற படிவுகளுக்கு நிலவியலார் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்களின் பெயர்களையே சூட்டியுள்ளனர். உலகெங்கும் நிலவியல் நூல்களில் அரியலூர் என்னும் பெயர் அச்சாகியிருப்பது இதனாலேதான். 1840-களில் கேய், கன்லிஃப் என்னும் இருவர் இத்தென்னிந்தியப் படிவங்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினர். 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து எழுதினார். பின்னர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் ஆண்டுக் கணக்கில் உழைத்து இவ்வட்டாரத்துச் சிப்பிகளையும் சங்குகளையும் பெயரிட்டு வகைப்படுத்தினார்.

இச்செய்தியைக் கேட்டதும், நிலம் கடலாயிருந்தது என்பது மார்க்கத்திற்கு ஒவ்வாத புதுமை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு அல்பீரூனியை நினைவூட்டுகிறோம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ‘தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்’ என்னும் தம் நூலில், அரபுப் பாலைவனம் முற்காலத்தில் கடலாய் இருந்ததென்றும், கிணறு தோண்டுகையில் அகப்படும் சிப்பிகளே அதற்குச் சான்றென்றும் அவர் விளக்கினார். இப்னு ஸீனாவும் தம் ‘கிதாபுஷ் ஷிஃபா’வில் உயிர்ப் பொருள்கள் கல்லாக மாறும் விதத்தையும் மலைகள் உருவாகும் விதத்தையும் ஆராய்ந்தார். ஐரோப்பியர் அரியலூருக்கு வருவதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்களின் காலத்து அறிஞர்கள் கையில் சிப்பியை வைத்துக்கொண்டு சிந்தித்தனர். நம் பிள்ளைகளோ அந்தச் சிப்பியின் மேல் நடந்து பள்ளிக்குச் செல்கின்றனர்.

நம் வட்டாரத்துச் சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருள் சுண்ணாம்புப் பாறை. கல்லங்குறிச்சிப் பகுதியில் அந்தப் பாறையில் ‘கிரிஃபியா’ என்னும் பழஞ்சிப்பிகள் அடுக்கடுக்காய்ப் பதிந்துள்ளன. நம் வீட்டுச் சுவரிலும் பள்ளிவாசல் மினாராவிலும் அந்தக் கடலின் துகள் கலந்திருக்கிறது. சிமெண்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதனால் பல குடும்பங்களில் அடுப்பெரிகிறது. அரைக்கப்படுவதற்கு முன் அது இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டும் என்றே சொல்கிறோம்.

அறிந்துகொள்ளச் சென்னை வரை செல்ல வேண்டியதும் இல்லை. அரியலூருக்கு அருகில் வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே அரசு அருங்காட்சியகம் ஒன்று உள்ளது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன பெருமரம் ஒன்று, சுமார் 18 மீட்டர் நீளத்திற்குத் தரையில் கிடக்கிறது. அதன் வயது பன்னிரண்டு கோடி ஆண்டு என்று கூறப்படுகிறது. 1940-இல் அதனை உலகுக்கு அறிவித்தவர் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். பின்னாளில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கு இந்தியரில் முதல் இயக்குநராய் அமர்ந்தவர் அவர்.

அறியாமையின் விளைவு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று. 2020-இல் குன்னம் அருகே ஏரியில் மண் எடுத்தபோது உருண்டையான பெருங்கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவ, மக்கள் திரண்டனர். அறிந்தவர்கள் வந்து பார்த்து, அவை முட்டைகள் அல்ல, கடற்படிவ உருண்டைகள் என்று விளக்க வேண்டியதாயிற்று. வாரணவாசியை ஒருமுறை பார்த்திருந்தால் பள்ளிச் சிறுவனே அதைச் சொல்லியிருக்கக் கூடும்.

இதனினும் துயரமான சான்று கல்லமேட்டில் உண்டு. அங்கே அகப்பட்ட மாபெரும் எலும்புகளைக் கொண்டு, 1980-களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்னும் ஆய்வாளர்கள் ஒரு விலங்கை விவரித்தனர். ‘பேருடல் கொண்டது’ என்னும் பொருள்பட பிருகத்காயோசாரஸ் என்று அதற்குப் பெயர். நிலத்தில் வாழ்ந்த விலங்குகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்றாய் இருந்திருக்கலாம் என்பது பலர் கருத்து. ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. காப்பாற்றி வைக்கப்படுவதற்கு முன்பே அவை பொடிந்து அழிந்துபோயின. எஞ்சியவை சில வரைபடங்களும் நிழற்படங்களும் மட்டுமே. அது எலும்புதானா, கல்மரமா என்று ஐயுற்றவர்களுக்குக் காட்ட ஒரு துண்டும் நம்மிடம் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் நிலைத்திருந்த ஒன்று, மனிதன் கண்ட பின்னர்ச் சில ஆண்டுகளில் இல்லாமற் போயிற்று.

இதைக் கேட்டு வருந்துவோர் தம் வீட்டுப் பரணையும் ஒருமுறை நோக்க வேண்டும். அரபு எழுத்துள்ள பழந்தாள்கள் காலில் மிதிபடலாகாது என்னும் பக்தியினால், சிதைந்த கிதாபுகளை மூட்டையாகக் கட்டி ஆற்றில் விடுவது நம்மவர் வழக்கம். வெள்ளாற்றுக்குச் செல்லவிருந்த அத்தகைய மூட்டை ஒன்றை நாம் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தோம். கிழிந்த முஸ்ஹஃபுத் தாள்களுக்கு இடையே, அந்த வீட்டு மூதாட்டி ஒருவர் அரபுத் தமிழில் எழுதி வைத்திருந்த பிரசவ மருந்துக் குறிப்புகள் இருந்தன. எழுத்து அரபு, மொழி நம் வீட்டுத் தமிழ். அவருடைய பேத்திகளில் அதைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. நாம் படித்துக் காட்டியபோது, அவர்கள் தம் கொல்லையில் வளரும் செடிகளின் பெயர்களைக் கேட்டுத் திகைத்தனர்.

திருமறைத் தாள்களை மரியாதையோடு ஒப்படைக்கும் வழக்கம் இருக்கட்டும். ஆயினும் மூட்டை கட்டுமுன் அறிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். கையெழுத்துச் சுவடியாயின், 1869 முதல் சென்னையில் இயங்கும் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தை அணுகலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கும் அந்நூலகத்தில் அரபு, பாரசீக, உருதுச் சுவடிகளும் பேணப்படுகின்றன. அவ்வாறே வயலிலோ சுரங்கத்திலோ வியப்பான கல்லைக் கண்டால், உடைத்துப் பங்கிட்டுக் கொள்ளாமல், கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வாரணவாசி அருங்காட்சியகத்தார்க்குத் தெரிவியுங்கள்.

அருங்காட்சியகம் காண்பது பொழுதுபோக்கு என்று நாம் கருதவில்லை. எதைப் பேண வேண்டும் என்று கண்ணுக்குக் கற்பிக்கும் கல்வி அது. எழும்பூரில் கண்ணாடிக்குள் ஒரு கல்லைப் பார்த்துவிட்டு வந்த சிறுவன், சுரங்கத்தில் கிடக்கும் அதே கல்லை அதன்பின் உதைத்துத் தள்ளமாட்டான். அடுத்த முறை பிள்ளையை விமானம் ஏற்றிவிடச் சென்னை செல்லும் பெற்றோர், வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாளைத் தேர்ந்து, எஞ்சியிருக்கும் சிறு பிள்ளைகளை எழும்பூருக்கு அழைத்துச் செல்வார்களாக! அதற்கும் வசதியற்றோர், ஒரு நாள் சோறு கட்டிக்கொண்டு சாத்தனூருக்கும் வாரணவாசிக்கும் சென்று வருவார்களாக!