நிரல்வழி நினைவு

மெய்யெழுத்துக்களைக் ககரமுதல் னகரமீறாக ஒரே மூச்சிற் கூறவல்லார், அவற்றைப் பின்னிருந்து கூறுமாறு கேட்பின் தடுமாறுவர். எழுத்துக்கள் அறிந்தவையே, வழியே மாறியது. ஆதலின் நினைவு, நடந்து பழகிய பாதையை ஒக்கும் எனலாம்.

இவ்வுண்மையை எனக்குக் காட்டியவர் என் பாட்டியார். முதுமையில் அவர் தம் மக்கள் பெயரையும் மறந்தார். இன்ன கீர்த்தனை தெரியுமோ என வினவின் வெறிதே நோக்குவார். முதற்சொல்லை யாரேனும் எடுத்துக்கொடுப்பின், இளமையிற் கற்ற அக்கீர்த்தனையை முற்றும் பாடி முடிப்பார். சில நாட்களில் ஓரடியிலேயே சுழன்று நிற்பார். அடுத்த அடியின் முதலை யாம் எடுத்துக்கொடுப்பின் மேற்செல்வார்.

பின்னர்க் கணினியியல் பயின்றபொழுது, மீள்தொடர் நரம்பு வலை என்னும் செயற்கை அமைப்பைப் பற்றி அறிந்தேன். அதன் இயல்பு யாதெனின், இக்கணத்து வருஞ்சொல்லோடு முற்கணத்துத் தன் நிலையையுங் கூட்டியே அடுத்த நிலையை அடைதல். 1990-ஆம் ஆண்டில் ஜெஃப்ரி எல்மன் என்னும் அமெரிக்க அறிஞர், 29 ஆங்கிலச் சொற்களால் ஆகிய சிறு வாக்கியங்கள் 10,000 கொண்டு, அடுத்த சொல்லை ஊகிக்குமாறு ஒரு வலையைப் பழக்கினார். பெயர் இது, வினை இது என எவரும் கற்பியாதிருந்தும், அதன் உள்நிலைகள் பெயரென்றும் வினையென்றும், உயிருள்ளவை உயிரில்லவை என்றும் தாமே வகைப்பட்டு நின்றன. இத்தகைய வலை ஈன்ற சொல்லை மீண்டும் அதற்கே ஊட்டின், சொல்மேற் சொல்லாகத் தொடர் பிறக்கும்.

நிற்க. இவ்வலைகளின் இயக்கம் பலவாறு செல்லும். இணைப்புக்களின் வலிமை குன்றின் அது தேய்ந்து அடங்கும். சிலபோது வட்டத்திற் சிக்கி ஒன்றையே சுழற்றும். வலிமை மிகின், 1988-இல் ஸொம்போலின்ஸ்கி முதலியோர் காட்டியவாறு, தொடக்கத்துச் சிறு வேற்றுமையும் பெருகி நெறியற்ற அலைவாகும். நெடுநேரத்திற்கு முன் வந்ததைப் பேணுதலும் இவ்வலைகளுக்கு அரிதாயிருந்தது. அக்குறையை நீக்கவே 1997-இல் ஹோக்ரைட்டரும் ஷ்மிட்ஹூபரும் நினைவுக்கலம் உடைய வலையை அமைத்தனர்.

வலை வேறு, மனித மூளை வேறு. பாட்டியாரின் மறதியை அதனால் விளக்கப் புகேன். ஆயினும் ஒன்று கற்றேன். மறந்தார் என நாம் கருதுவோர், பாதையின் தொடக்கத்தைக் காணாது நிற்பவராகவும் இருத்தல் கூடும். ஆதலின், நண்பர்காள், முதியோரையும் மெல்லக் கற்கும் சிறாரையும் நினைவில்லையோ என வினவுமுன், முதற்சொல்லை எடுத்துக்கொடுத்துச் சற்றே காத்திருப்போமாக.