முந்தானை முடிச்சு முதல் தோள்பை வரை

இலக்கிய மலரில் கைப்பையையும் நடைப்பயிற்சி உடையையும் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். மதுரைக்காஞ்சியைப் பாடிய புலவர் நிலையாமையைப் பாடியதோடு நில்லாமல், பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் விரிவாகவே காட்டினார். ஓர் ஊரின் கடைத்தெருவை அறிந்தால் அவ்வூர் மக்களின் வாழ்வையும் அறியலாம் என்பது நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது. தலைநகரில் வாழும் தமிழ்ப் பெண்கள் தமக்கு வேண்டிய அன்றாடப் பொருள்களை வாங்கக் கடைக்குச் செல்லும் கதையும் அவ்வகையில் எழுதத் தக்கதே.

பட்டுச் சேலையைப் பற்றி நான் இங்கு எழுதப் போவதில்லை. பட்டுச் சேலை குடும்பத்தின் பொருள். திருமணத்திற்கும் தீபாவளிக்கும் பலர் கூடிச் சென்று, பலரும் கருத்துச் சொல்லி, ஒருவர் பணம் கொடுத்து வாங்குவது. நான் எழுத நினைப்பது, பண்டிகை எதுவும் இல்லாத ஒரு சாதாரண நாளில், ஒரு பெண் தன் தேவைக்காகத் தானே தேர்ந்து வாங்கும் சிறு பொருள்களைப் பற்றி. பிள்ளைகளுக்கு வாங்குவதிலும் கணவருக்கு வாங்குவதிலும் நம் பெண்களுக்குத் தயக்கமே கிடையாது. தனக்கென்று வரும்போதுதான், "இருப்பதே போதுமே" என்ற சொல் முந்திக்கொண்டு வருகிறது.

நம் பாட்டிமாருக்குக் கைப்பை இல்லை. இடுப்பில் செருகிய சுருக்குப்பை இருந்தது. அதுவும் இல்லாத நாளில் முந்தானை முடிச்சு இருந்தது. வெற்றிலை பாக்கு, சில்லறை, பெட்டிச் சாவி அனைத்தும் அதற்குள் அடங்கின. மேலைநாட்டுப் பெண்களின் கதையும் ஏறக்குறைய இதுவே. அவர்களும் தனிப் பைகளை நாடாவில் கோத்து, பாவாடைக்கு அடியில் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உடலோடு ஒட்டிய மெல்லிய நேரான கவுன்கள் வழக்கத்திற்கு வந்தபோது, உள்ளே பை கட்ட இடமில்லாமற் போயிற்று. மறைந்திருந்த பை வெளியே வந்து கையில் தொங்கத் தொடங்கியது.

1986ஆம் ஆண்டில் நான் தில்லிக்கு வந்து வேலையில் சேர்ந்தபோது, முதல் மாதச் சம்பளத்தில் வீட்டுக்குப் பணம் அனுப்பியது போக எனக்கென வாங்கியது ஒரு கைப்பைதான். கரோல்பாகில் கூட்டுக் குடும்பம். எனக்கெனத் தனி அறையோ, பூட்டுள்ள அலமாரியோ கிடையாது. ஆனால் அந்தப் பையை யாரும் என்னைக் கேளாமல் திறந்ததில்லை. மதிய உணவு டப்பா, குடை, பஸ் பாஸ், ஊசி நூல், ஊரிலிருந்து அம்மா எழுதிய கடிதம் எல்லாம் அதனுள் இருந்தன. வீட்டில் எனக்குச் சொந்தமான இடம் அது ஒன்றுதான் என்றால் மிகையாகாது.

பை வாங்கும் முறையை எனக்குக் கற்றுத்தந்தவர் அலுவலகத்தில் மூத்தவரான ஒரு பஞ்சாபி அம்மையார். "வெளியழகைக் கடைசியில் பார், முதலில் உள்ளே பார்" என்பார். உள்துணியை வெளியே இழுத்துத் தையலைச் சோதிக்க வேண்டும். ஜிப்பைப் பத்து முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். தோள்வார் பையோடு சேருமிடத்தில் வெறும் தையல் மட்டும் உள்ளதா, உலோகக் குமிழும் அடித்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். பாரம் முழுவதும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது. உண்மைத் தோலின் வெட்டு விளிம்பில் நார்நாராகத் தெரியும். மேற்பரப்பின் நுண்துளைகள் ஒரே சீராக இரா. செயற்கைத் தோலில் எல்லாம் அச்சடித்தாற்போல் ஒழுங்காக இருக்கும். பாலியூரித்தேன் பூசிய பைகள் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் செதில் செதிலாக உரிந்துவிடும். தில்லியின் கோடையும் அதையடுத்து வரும் மழைக்காலமும் அதற்குப் போதும்.

நல்ல தோலைப் பற்றிப் பேசும்போது நமக்குச் சற்றே பெருமையும் உண்டு. ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோல் பதனிடுதலில் பெயர் பெற்ற ஊர்கள். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் சென்னையில்தான் நிறுவப்பட்டது. ஜன்பத்தின் கடையில் தொங்கும் பை ஒன்றில் நம் பாலாற்றங்கரையின் உழைப்பு இருக்கக்கூடும் என்று எண்ணும்போது, விலை பேசுகையில் என் குரல் சற்றுத் தணிந்துவிடுகிறது.

விலை பேசுவது என்றதும் நம்மவர் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது. இந்தி எண்களை எனக்குக் கற்றுத்தந்தது பள்ளிக்கூடமன்று, நடைபாதைக் கடைகளே. நூற்றைம்பதை 'டேட் சௌ' என்பார்கள். இருநூற்றைம்பதை 'டாயி சௌ' என்பார்கள். 'பச்பன்' ஐம்பத்தைந்தா, அறுபத்தைந்தா என்று விரல் மடக்கி எண்ணுவதற்குள் கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிடுவார். 'உன்ஸட்' என்றால் ஐம்பத்தொன்பது, அறுபதில் ஒன்று குறைவு என்ற சூட்சுமம் பிடிபட்ட பிறகுதான் பேரம் கைவந்தது. இன்று கைப்பேசியில் ஒரே விலையைக் கண்டு பொத்தானை அமுக்கி வாங்கும் என் மகளுக்கு, அந்தப் பேரத்தின் மூலம் நாங்கள் இந்த ஊரின் மொழிக்குள் நுழைந்தோம் என்பதைச் சொல்லி விளக்க வேண்டியிருக்கிறது.

தில்லிப் பெண்களுக்கு ஆடை என்றதும் சரோஜினி நகர் நினைவுக்கு வரும். சரோஜினி நாயுடுவின் பெயர் தாங்கிய அந்தக் குடியிருப்பின் அங்காடியில், ஏற்றுமதிக்காகத் தைத்து எஞ்சியவையும், சிறு பழுதால் கழிக்கப்பட்டவையும் மலையாகக் குவிந்திருக்கும். 1974 முதல் 2004 வரை, வளரும் நாடுகள் மேலைநாடுகளுக்கு எவ்வளவு துணியும் ஆடையும் அனுப்பலாம் என்பதற்கு ஒப்பந்தப்படி வரம்புகள் இருந்தன. வரம்பு நீங்கிய பிறகும் உபரி நிற்கவில்லை. கூடுதலாகத் தைத்த சரக்கும், வாங்குவோர் ஏற்காத சரக்கும் எப்படியோ நடைபாதைக்கு வந்து சேர்கின்றன. கழுத்துப் பட்டையில் நிறுவனப் பெயரைக் கத்தரியால் வெட்டியிருப்பார்கள்.

அத்தகைய பின்னலாடைகளில் பல திருப்பூரில் தைத்தவை. பனியன் நகரம் என்று பெயர் பெற்ற அவ்வூரின் தையற்கூடங்களில் பெண்கள் பெருந்தொகையினராக வேலை செய்கின்றனர்; பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் இப்போது அங்கே ஏராளம். பிழைப்புக்காகத் தெற்கே சென்ற ஒரு வடநாட்டுப் பெண் தைத்த ஆடையை, பிழைப்புக்காக வடக்கே வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி சரோஜினி நகரில் விலை பேசி வாங்குகிறாள். நம்மைப் போலவே அந்த ஆடையும் ஊர்விட்டு ஊர் வந்ததுதான்.

இனி, என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009ஆம் ஆண்டில் அவர் எங்களோடு இருக்க இராமகிருஷ்ணபுரத்திற்கு வந்தார். வயது அறுபத்தாறு. சர்க்கரை நோய் இருந்தது. நாள்தோறும் நாற்பது நிமிடம் விரைந்து நடக்க வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்தினார். அம்மா ஒன்பது கஜமன்று, ஆறு கஜச் சேலைதான் உடுத்துவார். ஆயினும் மார்கழிக் குளிரில், பனி படிந்த புல்லில், நனைந்த கொசுவம் காலைத் தடுக்கியது. இரண்டாம் வாரத்தில் பூங்காவில் விழுந்து முழங்கையில் நல்ல அடி. அதன்பின் நடையையே விட்டுவிட்டார். மூன்று மாதத்தில் சர்க்கரை அளவு ஏறியது. பாதத்தில் மரத்துப்போன உணர்வும் தொடங்கியது. சேலையா, காலா என்ற கேள்வி எங்கள் வீட்டில் விளையாட்டாக எழுந்ததன்று.

"இந்த வயசுல எனக்கு எதுக்குடி கால்சட்டை? ஊர்ல யாராவது பார்த்தா சிரிக்க மாட்டாங்களா?" என்றார்.

"ஊர் ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும்மா" என்றேன்.

முதலில் பளபளப்பான வணிக வளாகத்துக் கடை ஒன்றிற்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த விற்பனைப் பெண் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர் அளவுக்கு அங்கே ஒன்றும் இராது என்றாள். அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்தப் பார்வை புரிந்தது. வழியெல்லாம் அவர் பேசவே இல்லை.

அன்றிரவு வீட்டில் இஞ்சு டேப்பை எடுத்து அவரை அளந்தேன். இடுப்பு, தொடை, இடையிலிருந்து கணுக்கால் வரை நீளம் என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். "கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க ஒரு தடவை அளவெடுத்தாங்க. அதுக்கப்புறம் அளவு ரவிக்கையைக் கொடுத்தனுப்பினதோட சரி" என்றார் அம்மா. நான் திடுக்கிட்டேன். நம் பெண்கள் பலருக்கும் இதுதானே நிலை! சேலைக்கு அளவில்லை, தையற்காரரிடம் போவது பழைய ரவிக்கை. நாற்பதாண்டுக் காலம் தன் உடம்பின் அளவை அறியாமலே ஒருத்தி வாழ்ந்துவிட முடியும். பின்னர் திடீரென்று ஒரு கடையில், உன் அளவு எங்களிடம் இல்லை என்று கேட்கும்போது, குற்றம் தன் உடம்பினுடையது என்றே எண்ணிவிடுகிறாள்.

உண்மையில் குற்றம் அளவுமுறையினுடையது. இந்திய உடல்வாகிற்கென்று பொதுவான அளவு அட்டவணை இல்லாமல், மேலைநாட்டு அளவுகளை ஒட்டியே நம் ஆயத்த ஆடைகள் நெடுங்காலம் வெட்டப்பட்டு வந்தன. இக்குறையை நீக்க, 6 நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை அளக்கும் திட்டத்தை தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்பக் கழகம் 2018இல்தான் அறிவித்தது. கடைக்காரர் தராததைப் பெண்கள் தாமே செய்துகொண்ட வரலாறும் உண்டு. ஓடும் பெண்களுக்கேற்ற மார்க்கச்சு கிடைக்காமையால், 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்னும் மூவர், ஆண் விளையாட்டு வீரர்களின் இடைக்கச்சை இரண்டை இணைத்துத் தைத்து முதல் மாதிரியை உருவாக்கினர்.

குறித்த அளவுகளோடு மறுநாள் சரோஜினி நகருக்குப் போனோம். குவியலிலிருந்து கருநீலக் கால்சட்டை ஒன்றை உருவி எடுத்த முதியவர், "மாதாஜி, நீளக் குர்த்தாவோடு போட்டுக்கொள்ளுங்கள், குளிரும் தெரியாது, காலும் தடுக்காது" என்று இந்தியில் சொன்னார். அகலமான இடுப்புப் பட்டை, இழுத்தால் நீண்டு மீளும் துணி, பக்கவாட்டில் ஆழமான பை. இவ்வாறு நீண்டு மீளும் இழையை 1958இல் டுபான்ட் நிறுவனத்தின் வேதியியலார் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கினார். வியர்வையைப் பருத்தி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் அந்த ஈரமே உடம்பைச் சில்லிட வைக்கும். ஆதலால் விரைந்து நடப்போர்க்கு உள்ளே சீக்கிரம் உலரும் பாலியெஸ்டர் துணியும், அதன்மேல் கம்பளிச் சட்டையும் ஏற்றவை.

எடுப்பாகத் தோன்றுவது எப்படி என்று இளம்பெண்கள் கேட்கிறார்கள். இறுக்கிப் பிடிப்பது எடுப்பன்று; தொளதொளவென்று மூடி மறைப்பதும் எடுப்பன்று. தோள்தையல் தோளெலும்பின் முனையில் நிற்க வேண்டும். குர்த்தாவின் பக்கவெட்டு இடுப்பெலும்பருகே தொடங்க வேண்டும். குனிந்து நிமிர்ந்தால் இடுப்புப் பட்டை உருளக் கூடாது. இவை பொருந்தினால் எவ்வுடம்பும் அழகாகவே இருக்கும். வாங்குமுன் கடையிலேயே ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பார்ப்பது நலம்.

அம்மா முதல் நாள் விடியுமுன்பே, யாரும் பார்க்காத நேரத்தில் நடந்தார். ஒரு மாதத்தில் ஏழு மணி வெயிலில், அண்டை வீட்டுப் பஞ்சாபிப் பெண்களோடு நடந்தார். கால்சட்டைப் பையில் வீட்டுச் சாவியும், சர்க்கரை தாழ்ந்தால் வாயில் போட இரண்டு மிட்டாயும் இருக்கும். அடுத்த குளிர்காலத்தில் அவரே என்னிடம், "இன்னொண்ணு வேணும்டி, அரக்கு நிறத்துல" என்றார். எனக்கு நினைவு தெரிந்து, தனக்கென்று அவர் கேட்டு வாங்கிய முதல் பொருள் அதுதான்.

அன்பர்களே, நம் வீட்டுப் பெண்களில் எவரேனும் தமக்கென ஒரு பையோ, ஒரு சோடிக் காலணியோ, நடைப்பயிற்சி உடையோ வாங்க வேண்டுமென்று கேட்டால், "எதற்கு?" என்று வினவ வேண்டாம். "என்ன நிறம்?" என்று கேட்போம்.