ஒன்று விட்டு ஒன்று

மேடை ஏறுவதற்கு முன் விரல்களைச் சூடேற்றிக்கொள்ள கேரி மூர் வாசித்தது ராக் இசை அல்ல, புளூஸ். 1989-ல் 'ஆஃப்டர் தி வார்' ஆல்பத்துக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். வெளியே ரசிகர்கள் இடி முழக்கத்துக்காகக் காத்திருப்பார்கள். உள்ளே ஒப்பனை அறையில் அவர் தனக்காகப் பழைய பாட்டுகளை வாசித்துக்கொண்டிருப்பார். அதைக் கேட்ட பேஸ் கிதார் கலைஞர் பாப் டெய்ஸ்லி, முழுசாக ஒரு புளூஸ் ஆல்பம் போட்டால் என்ன என்று கேட்டார். உன் வாழ்க்கையிலேயே அதுதான் பெரிய வெற்றியாக அமையலாம் என்றும் சொன்னாராம். இருவரும் சிரித்துவிட்டார்களாம்.

சிரிக்கக் காரணம் இருந்தது. அன்றைக்கு மூர் என்றால் வேகம். 1952-ல் பெல்ஃபாஸ்டில் பிறந்து, பதினாறு வயதிலேயே டப்ளின் போய் 'ஸ்கிட் ரோ' குழுவில் சேர்ந்தவர். 'தின் லிஸி' குழுவில் வருவதும் போவதுமாக இருந்தவர். எண்பதுகள் முழுக்க ஹார்ட் ராக் ஆல்பங்கள். கைப்பழக்கம் இடது, கற்றுக்கொண்டதோ வலது. அந்த விரல்கள் ஓடும் ஓட்டத்தைப் பார்க்கவே டிக்கெட் வாங்கினார்கள். அப்படிப்பட்டவர் 37 வயதில், இருக்கிற ரசிகர்களை எல்லாம் ஓரமாக நிறுத்திவிட்டு, மிசிசிப்பிக் கறுப்பினத்தவரின் பாட்டைப் பாடப் போகிறேன் என்றால்?

1990 மார்ச்சில் 'ஸ்டில் காட் தி புளூஸ்' வந்தது. அட்டையில் ஒரு சிறுவன் கட்டிலில் உட்கார்ந்து கிதார் பழகுகிறான். சுவரில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் படம். பின்னட்டையில் அவனே வளர்ந்து ஆளாகி, ஒரு ஹோட்டல் அறையில் அதே மாதிரி உட்கார்ந்திருக்கிறான். இவ்வளவு வருஷமும் ஊர் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கிறேன் என்று சொல்லாமல் சொல்கிற அட்டை அது.

கேட்டவர்கள் உடனே கட்சி பிரிந்தார்கள். இன்றைக்கும் இந்த ஆல்பத்தின் பெயரை எடுத்தால் அதே சண்டைதான்.

பழைய ராக் ரசிகர்களுக்கு முதலில் மனக்குறை. எங்கள் ஆளை யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்கிற மாதிரி. அடித்து நொறுக்குகிற பாட்டு எங்கே, இந்த வயலின் கூட்டம் எதற்கு என்று கேட்டார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டார்கள். 'மூவிங் ஆன்', 'டெக்ஸாஸ் ஸ்ட்ரட்' எல்லாம் கேட்டபிறகு, பெயர்தான் மாறியிருக்கிறது, சத்தம் நம்ம சத்தம்தான் என்று புரிந்துபோனது.

அந்தச் சத்தம்தான் எதிர்க்கட்சிக்குப் பிரச்னை. புளூஸைப் பல வருஷமாகக் கேட்டு ஊறியவர்கள் முகம் சுளித்தார்கள். எல்லாம் அதிகம் என்றார்கள். சத்தம் அதிகம், வேகம் அதிகம், ஒரு சுரம் போதுமான இடத்தில் பத்து சுரம். சோகத்தைச் சொல்லாமல் சோகத்தைக் கூவி விற்கிறார் என்பது வரைக்கும் போனார்கள். பருத்திக் காட்டில் வேலை பார்த்தவர்களின் பாட்டை, மார்ஷல் ஆம்ப் வைத்துக்கொண்டு ஓர் ஐரிஷ்காரர் பாடலாமா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

தலைப்புப் பாட்டு புளூஸே இல்லை என்பது அவர்களின் கூர்மையான வாதம். அது பொய்யும் இல்லை. புளூஸ் பாட்டின் வழக்கமான எலும்புக்கூடு பன்னிரண்டு அளவுகள், மூன்று கார்டுகள். போய்ப் போய்ப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். 'ஸ்டில் காட் தி புளூஸ்' பாட்டு அப்படி இல்லை. அதன் கார்டுகள் ஒன்று அடுத்ததைக் கை பிடித்து இறக்கிவிடுவது போல, படிப்படியாக நகர்ந்து போகின்றன. ஜாஸ் மேடைகளில் காலம் காலமாக வாசிக்கப்படும் 'ஆட்டம் லீவ்ஸ்' பாட்டின் நடை. மூரே 1979-ல் ஹிட் கொடுத்த 'பாரிஸியன் வாக்வேஸ்' பாட்டும் இதே குடும்பம்தான். ஆக, தலைப்பிலேயே புளூஸ் என்ற சொல்லை வைத்திருக்கும் பாட்டு, இலக்கணப்படி பார்த்தால் ஓர் ஐரோப்பியக் காதல் சோகப் பாட்டு.

ஆனால் அதை வாங்கிய லட்சக்கணக்கானவர்கள் இலக்கணம் பார்த்தா வாங்கினார்கள்? அவர்களில் பலர் அதுவரை ஒரு புளூஸ் இசைத்தட்டுகூட வாங்காதவர்கள். இந்த மூன்றாவது கூட்டத்தின் அபிப்பிராயத்தை எந்த விமர்சகரும் பெரிதாக மதிப்பதில்லை. அவர்கள் சொல்வது ஒன்றுதான். அந்த கிதார் ஆரம்பித்ததும் கையில் இருந்த வேலை நின்றுவிட்டது. அமெரிக்காவில் மட்டும் இந்த ஆல்பம் ஐந்து லட்சம் பிரதிகளுக்கான தங்கத் தட்டு வாங்கியது. மூரின் வாழ்நாளில் இதைவிட அதிகம் விற்ற ஆல்பம் வேறில்லை. டெய்ஸ்லி சொன்னது பலித்துவிட்டது.

எதிர்க்கட்சி சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஆல்பத்தைத் தொடர்ந்து கேட்டால், 'வாக்கிங் பை மைசெல்ஃப்' மாதிரி இடங்களில் மூர் மூச்சு விடாமல் பேசுகிற ஆள் மாதிரி இருக்கிறார். எதிரில் இருப்பவர் தலையாட்டக்கூட இடைவெளி கிடைக்காது. இதையே அவரிடம் நேரில் சொன்ன ஒருவர் உண்டு. அவர் விமர்சகர் இல்லை, ஆல்பர்ட் கிங்.

இந்த ஆல்பத்தின் 'ஓ ப்ரெட்டி வுமன்' பாட்டில் விருந்தினராக வாசித்தவர் கிங். 1967-ல் வந்த தன் 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' ஆல்பத்தில் அந்தப் பாட்டைப் பாடி, அதைத் தன் சொத்தாக்கிக்கொண்டவர். மிசிசிப்பியில் பிறந்தவர், பருத்தி பறித்தவர், புல்டோசர் ஓட்டியவர். ஆஜானுபாகுவான ஆள். இடது கைக்காரர் என்பதால் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பார். நாலே சுரம்தான் வாசிப்பார், அதில் ஒன்றைத் தந்தி அறுந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு இழுப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூர் வாசித்தபோது என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஒவ்வொரு பிரயோகமும் முடிந்ததும் உடனே அடுத்ததை எடுக்காதே, ஒன்று விட்டு ஒன்று வாசி என்று கிங் தனக்குச் சொன்னதாக மூர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மறைக்க வேண்டிய விஷயமாக நினைக்காமல், கற்றுக்கொண்ட பாடமாகவே சொன்னார்.

'டூ டயர்ட்' பாட்டில் இன்னொரு ஆல்பர்ட், ஆல்பர்ட் காலின்ஸ். பனிக்கட்டியைக் குத்தி உடைப்பது போன்ற நாதம் அவருடையது. ஆல்பம் வந்தபிறகு மூருடன் மேடைகளிலும் வாசித்தார். மூரை வாங்கிக் கேட்ட பிள்ளைகள், யார் இந்தப் பெரியவர்கள் என்று தேடிப்போய் அவர்களுடைய தட்டுகளையும் வாங்கினார்கள். புளூஸ் தெரியாதவன் என்று மூரைத் திட்டியவர்கள் இந்தக் கணக்கை ஏனோ எழுதிக்கொள்ளவில்லை. கிங் 1992 டிசம்பரிலும், காலின்ஸ் 1993 நவம்பரிலும் காலமானார்கள். கடைசி வருஷங்களில் அவர்களுக்குக் கிடைத்த புதுக் காதுகளில் கொஞ்சமாவது இந்த ஆல்பம் கொடுத்தது.

கேட்பவர்களின் காது பற்றி இன்னொரு வேடிக்கை. மூரிடம் 'கிரீனி' என்று ஒரு கிதார் இருந்தது. 1959-ல் செய்த கிப்சன் லெஸ் பால். ஃப்ளீட்வுட் மேக் குழுவைத் தொடங்கிய பீட்டர் கிரீன் வைத்திருந்தது. மூர் பெல்ஃபாஸ்டில் பையனாக இருந்தபோதே கிரீனின் வாசிப்பில் சொக்கிப்போனவர். 1970-ல் குழுவை விட்டு விலகி, மனநோயில் தத்தளிக்கத் தொடங்கிய கிரீன், பணமும் வேண்டாம் பொருளும் வேண்டாம் என்ற மனநிலையில் அந்த கிதாரை மூருக்குக் கொடுத்தார். உன் கிதாரை விற்று என்ன கிடைக்கிறதோ அதைக் கொடு, போதும் என்றார். நூறு பவுண்டு அளவில்தான் கைமாறியது. தலைப்புப் பாட்டில் அழுவது அந்த கிரீனிதான் என்று சத்தியம் செய்கிற ரசிகர்கள் நிறைய. கிரீனின் துக்கம் அந்த மரத்தில் இருக்கிறது, கேட்டாலே தெரியும் என்பார்கள். உண்மையில் அந்தப் பாட்டை மூர் வாசித்தது, எண்பதுகளின் கடைசியில் வாங்கிய வேறொரு 1959 லெஸ் பாலில்.

இதைவிடப் பெரிய அடி 2008 டிசம்பரில் விழுந்தது. 1974-ல் 'ஜட்ஸ் கேலரி' என்ற ஜெர்மன் குழு 'நார்ட்ராக்' என்று ஒரு பாட்டு வாசித்திருந்தது. தலைப்புப் பாட்டின் கிதார் மெட்டு அதிலிருந்து எடுக்கப்பட்டதுதான் என்று மியூனிக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை என்றார் மூர். 1990-க்கு முன் அது கடைகளில் விற்கப்படவும் இல்லை. ஆனால் வானொலியிலோ மேடையிலோ கேட்டிருக்க முடியும், தெரிந்துதான் எடுத்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, அறியாமல் மனதில் தங்கியிருந்தாலும் அது எடுத்ததுதான் என்றது நீதிமன்றம்.

பதினெட்டு வருஷமாக அந்த மெட்டைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் என்ன செய்வார்கள்? சிலர் தட்டைப் பரணில் போட்டார்கள். இத்தனை காலம் ஒருவர் மனம் திறந்து பேசுகிறார் என்று நம்பியிருக்க, அது வேறு யாருடைய பேச்சோ என்றால் கசக்கத்தானே செய்யும். சிலர் இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டு, மெட்டு அவர்களுடையது, அழுகை இவருடையது என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். ரசிகனின் சமாதானம் போலத் தோன்றினாலும், புளூஸின் வரலாற்றைப் பார்த்தால் இதில் நியாயம் உண்டு. மெட்டும் வரியும் கை மாறிக் கை மாறி வளர்ந்த இசை அது. ஆனால் கை மாறியபோதெல்லாம் காசு போக வேண்டிய இடத்துக்குப் போகாமலே இருந்ததும் அதே வரலாறுதான். தன் மெட்டை இன்னொருவர் பெயரில் உலகமே முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஜெர்மன் குழுவின் பக்கம் நின்று பார்த்தால், ரசிகர்களின் பங்கு பிரிப்பு அவ்வளவு இனிக்காது.

வெற்றிக்குப் பிறகு மூர் பட்டது தனிக் கதை. 1992-ல் 'ஆஃப்டர் ஹவர்ஸ்', அதில் பி.பி. கிங்கும் வந்து வாசித்தார். 1999-ல், டிரம் மெஷின் தாளங்களோடு 'எ டிஃபரென்ட் பீட்' என்று புதிதாக ஒன்று செய்து பார்த்தார். இப்போது புளூஸ் ரசிகர்கள், எங்கள் ஆளை யாரோ கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் ராக் ரசிகர்கள் சொன்ன அதே புகார். 2001-ல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர் 'பேக் டு தி புளூஸ்'. கேட்பவர்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதியது போல இருக்கிறது அந்தத் தலைப்பு.

ஆல்பர்ட் கிங் சொன்ன பாடம் எங்கே பலித்தது என்று கேட்டால், 1995-ல் வந்த 'புளூஸ் ஃபார் கிரீனி'யைக் காட்டலாம். பீட்டர் கிரீனின் பாட்டுகளை, கிரீனின் அதே கிதாரில் வாசித்த ஆல்பம். அங்கே மூர் காத்திருக்கிறார். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, அது போய்ச் சேரும் வரை சும்மா இருக்கிறார். 'ஸ்டில் காட் தி புளூஸ்' விற்றதில் ஒரு பங்குகூட அது விற்கவில்லை. நிறையப் பேசியபோது கூடிய கூட்டம், குறைத்துப் பேசியபோது கூடவில்லை.

அவர் 2011 பிப்ரவரி 6 அன்று, ஸ்பெயினில் விடுமுறைக்குப் போன இடத்தில் காலமானார். வயது 58.

மேடைப் பதிவுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் 'பாரிஸியன் வாக்வேஸ்' பாட்டை எடுத்துக் கேட்டுப் பாருங்கள். பாட்டின் நடுவே ஒரு இடம். உச்சியில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துவிட்டு, கிதாரை ஆம்ப்பின் பக்கம் திருப்பி அப்படியே நிற்கிறார். ஆம்ப்பிலிருந்து வரும் சத்தமே தந்தியை மறுபடி மறுபடி அதிரவைக்க, சுரம் ஓயாமல் நீள்கிறது. மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட்டன. முதலில் கூட்டம் சும்மா இருக்கிறது. பிறகு அங்கங்கே விசில். பிறகு அரங்கம் மொத்தமும் கத்துகிறது. கத்திக் கத்தி அவர்கள் களைத்துவிட்டார்கள். அந்த ஒரு சுரம் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கிறது.