04142-ஐக் காணோம்!

பரீட்சை சீஸனில் எங்க ஊர் திருவந்திபுரம் ஹயக்ரீவர் மலைக்குப் பேனா, ஹால் டிக்கெட் சகிதம் வரும் கூட்டத்தைக் கிண்டலடித்தே வளர்ந்தவன் நான். ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முதல் நாள், நானே பென் டிரைவோடு சந்நிதியில் நின்றேன். காரணம், 2146.

புராஜெக்ட் சிம்பிள். காலேஜ் புதுச்சேரி பக்கம். ஸ்டூடண்ட் ஆப்சென்ட் ஆனால், கம்ப்யூட்டரே வீட்டு லேண்ட்லைனுக்கு போன் போட்டுச் சொல்லும். அதற்கான செட்டிங்ஸ் ஃபைலை (ஊர், எஸ்.டி.டி. கோட், காலேஜ் பஸ் டைம்) எங்கள் பைத்தான் புரோகிராமே எழுதிவிடும். எந்த ஃபார்மட்டில்? அங்கேதான் சண்டை!

பார்ட்னர் சிதம்பரத்துக்காரன், ஜேசன் கட்சி. நான் யாமல். மேற்கோள்குறித் தொல்லை கிடையாது, கமென்ட் எழுதலாம், பார்க்கவும் லட்சணம்.

"எழுதுறதும் மெஷின், படிக்கிறதும் மெஷின். லட்சணம் யாருக்குடா மச்சான்?" என்றான்.

நான்தான் ஜெயித்தேன். லேப்டாப் என்னுது!

டெஸ்ட் பண்ணினோம். கடலூருக்கு 04142 போட வேண்டியது, 2146 என்று போட்டது. சிதம்பரம் 04144, 2148 ஆகியிருந்தது. காலை 7:45 பஸ், 465! காரைக்காலின் 04368 மட்டும் கரெக்ட். எந்த எர்ரரும் இல்லை. அதான் வயிற்றைக் கலக்கியது.

மண்டையை உடைத்ததில் புரிந்தது. யாமல் 1.1 விதிப்படி, 0-வில் ஆரம்பித்து 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களே இருந்தால் அது எட்டடிமான எண். 4142-ஐ அப்படிக் கணக்குப் போட்டால் 2146. காரைக்காலில் 8 இருந்ததால் தப்பித்தது. 7:45 என்பது அறுபதடிமானம்: 7×60+45. நார்வே நாட்டின் சுருக்கமான 'என்.ஓ.'வையே 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும் மகாராசன் இது. 2009-ல் வந்த யாமல் 1.2 இதையெல்லாம் தூக்கிவிட்டது. ஆனால், நாங்கள் போட்டிருந்த பைத்தான் லைப்ரரி இன்னும் 1.1-லேயேதான் இருக்கிறது.

தப்பு என் மேலும்தான். லைப்ரரியையே எழுதச் சொல்லியிருந்தால் மேற்கோள்குறியைத் தானே போட்டிருக்கும். நான் பிரின்ட் ஸ்டேட்மென்ட்டிலேயே வரி வரியாக எழுதித் தள்ளியிருந்தேன். இதே கூத்தை ஜேசனில் பண்ணியிருந்தால்? அதில் எண் 0-வில் ஆரம்பிக்கவே கூடாது. முதல் ரன்னிலேயே கத்தி ஊரைக் கூட்டியிருக்கும். கையால் எழுதும் ஃபைலுக்கு யாமல் ஓகே. யாரும் திறந்தே பார்க்காத ஃபைலுக்கு, கத்துகிறவன்தான் லாயக்கு. அந்தக் கமென்ட் ஜம்பமும் வேஸ்ட். புரோகிராம் அடுத்த தடவை ஃபைலை எழுதும்போது எல்லாம் அழிந்துவிடுமே!

ராத்திரியோடு ராத்திரியாக ஜேசனுக்கு மாறினோம். திறந்து பார்த்தால், தமிழில் இருந்த ஊர்ப் பெயரெல்லாம் பின்சாய்வுக்கோடு, 'யு', நம்பர் என்று கோலம் போட்டிருந்தது!

"இதான் உன் ஜேசனா?"

"பாக்கத்தான்டா அசிங்கம். புரோகிராம் படிச்சா கடலூர்தான்."

மறுநாள் ரிவ்யூவில் டெமோவுக்கு என் நம்பரையே கொடுத்தேன். 04142 போட்டு ரிங் போனது. கைதட்டல்!

சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்ததும் அம்மா கேட்டார், "ஏம்ப்பா, இன்னிக்கு நீ காலேஜுக்கே போகலியாமே?"