கோட்டைப்பட்டினத்துப் படகும் நம் வீட்டுக் காரும்



புதுக்கோட்டை மாவட்டத்திற்குக் கடற்கரை உண்டு என்பதே நம்மில் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கரையில், மணமேல்குடியைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி வருவீர்களானால் கோட்டைப்பட்டினத்தை அடைவீர்கள். அதனை அடுத்து ஜெகதாப்பட்டினம், பின்னர் மீமிசல், அதற்கப்பால் இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டி. வெளியூரிலிருந்து வருவோரில் பலர் ராவுத்தர் அப்பா தர்காவை நாடி வருகின்றனர். சமய வேறுபாடின்றி வருகின்றனர். இக்கட்டுரை உங்களை அழைத்துச் செல்ல விரும்புவதோ அங்கிருந்து கடலை நோக்கி, விசைப்படகுகள் நிற்கும் துறைக்கு. உங்கள் காரில் விழுந்த ஓர் ஒடுக்கைப் பற்றிப் பேசுவதற்கு அது பொருத்தமான இடம். ஏன் என்பதைப் போகப் போகக் காண்பீர்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. 2017-க்கு முன்னர் இது 45 நாள்களாக இருந்தது. மீன்களின் இனப்பெருக்கத்திற்காக ஏற்பட்ட இத்தடைக்காலமே படகுகளின் மராமத்துக் காலமும் ஆகும். ஆண்டு முழுவதும் நீரிலேயே கிடந்த படகுகள் அப்போது கரையேறுகின்றன. அடிப்பாகம் முழுவதும் கண்ணுக்குத் தெரிகிறது. வெயிலும் வியர்வையும் தார், சாயம், ரெசின் ஆகியவற்றின் வாடையுமாகத் துறையே ஒரு பெரிய பட்டறையாக மாறிவிடுகிறது.

அங்கே சற்று நின்று கவனியுங்கள். எந்த வேலையை யார் செய்கிறார் என்பது சுவையான செய்தி. அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவது, சாயம் பூசுவது, வலையைச் சீர் செய்வது ஆகியவற்றை மீனவர்கள் தாங்களே செய்துகொள்கின்றனர். ஃபைபர் படகின் மேல் விளிம்பில் சிறு விரிசல் என்றால், கண்ணாடி இழைப் பாயை வெட்டி ரெசினில் நனைத்து ஒட்டத் தெரிந்தவர்களும் உண்டு. (ரெசினில் சேர்க்கும் கோபால்ட் முடுக்கியையும் வினையூக்கியையும் நேருக்கு நேர் ஒன்றோடொன்று கலந்துவிடலாகாது, தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். வீட்டில் முயல நினைக்கும் இளைஞர்கள் இதை மனத்தில் கொள்க.) ஆனால் மரப்படகில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு பலகை மாற்ற வேண்டுமா? ஏராக்கட்டையில் பழுதா? ஓடாவி வந்தாக வேண்டும்.

ஓடாவி என்பவர் படகுத் தச்சர். எடுத்த எடுப்பில் அவர் உளியைத் தொடுவதில்லை. பலகையைத் தட்டிப் பார்க்கிறார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாகச் சொல்லும். பலகைகளுக்கிடையேயான இடுக்குகளில் பஞ்சுத் திரியைச் செலுத்தி அடைக்கும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். அரபுக் கப்பல் தச்சர்கள் இதே வேலையைக் ‘கல்ஃபத’ என்பர். போர்த்துக்கீசியரும் ஏறத்தாழ அவ்வாறே சொல்வர். ஒரே ஓசையுள்ள சொல் மூன்று மொழிகளில் புழங்குவதிலிருந்து, இக்கலை எத்தனைக் கரைகளைக் கண்டது என்பது புலனாகும். திரியைத் தளர்வாக அடைத்தால் நீர் ஒழுகும்; அளவுக்கு மீறி அடைத்தால், மரம் நீரில் ஊறிப் பருக்கும்போது பலகையே பிதுங்கும். இந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது கையில் இருக்கிறது.

தன் படகைப் பழுது பார்க்கப் பிறரை அழைப்பதை எந்த மீனவரும் இழுக்காகக் கருதுவதில்லை. இக்கடலில் மரணம் தொலைவில் இல்லை. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற படகொன்று இலங்கைக் கடற்படைக் கலத்தோடு நேர்ந்த மோதலில் மூழ்கி, நால்வர் உயிரிழந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் மற்றொரு மோதல். இவ்வூர் இளைஞர் ஒருவர் மாண்டார். அவை எந்தத் தச்சரும் தடுத்திருக்கக் கூடியவை அல்ல. ஆயினும் பலகைக்கும் உயிருக்கும் இடையே எவ்வளவு சிறிய தூரம் என்பதை அறிந்த ஊர் இது.

இனி நம் வாசலில் நிற்கும் காருக்கு வருவோம்.

கடற்கரை ஊர்களில் பல இல்லங்களில் கார் என்பது சபுராளியின் வியர்வை. துபையிலோ மலேசியாவிலோ இருந்து மகன் அனுப்பிய பணத்தில் வாங்கியது. அவர் விடுப்பில் வரும்வரை பெரும்பாலும் உறை போர்த்தி நிற்பது. சாலையில் இறங்கினால் ஆடு, மாடு, மீன் வண்டி, குறுகிய தெரு. போதாததற்கு இருபுறமும் சீமைக்கருவேல முள். கதவில் ஓர் ஒடுக்கு விழுந்துவிட்டது. உடனே வீட்டில் இரு கட்சிகள் உருவாகின்றன. “நாமே எடுத்துவிடலாம், வெந்நீர் ஊற்றினால் போதும்” என்பது ஒரு கட்சி. “பட்டறைக்கு அனுப்புங்கள்” என்பது மறு கட்சி. முன்பெல்லாம் தெருவில் ஈயம் பூசவும் ஒடுக்கு எடுக்கவும் கூவி வருவோரிடம் செம்புத் தேக்சாவைக் கொடுக்கும்போது இப்படி யாரும் வாதிட்டதில்லை!

வாதத்தைச் சற்று நிறுத்திவிட்டு, ஓடாவி செய்வதைச் செய்யுங்கள். முதலில் அந்த இடத்தை நல்ல நீரால் கழுவித் துடைத்து, விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சாய்வான வெளிச்சத்தில் உற்று நோக்குங்கள். நீங்கள் அறிய வேண்டுவது ஒடுக்கின் ஆழத்தையல்ல, மேல் வண்ணம் உடைந்திருக்கிறதா என்பதையே.

காரின் புறத்தகடு பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகு. அதன்மேல் ப்ரைமர், நிறம், தெளிபூச்சு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர், அஞ்சலட்டையை விடவும் மெல்லிய போர்வை. உள்நாட்டில் இப்போர்வை கிழிந்தால் துரு மெல்ல வரும். கடலோரத்தில் காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்வதால் அது விரைந்து வரும். இதே பாக் நீரிணைக் காற்றில் நின்ற பாம்பன் பழைய பாலத்தை எண்ணிப் பாருங்கள். 1914-இல் திறந்த அப்பாலத்திற்கு எத்தனை முறை சாயம் பூசியும், தூக்குப் பகுதி துருவால் நலிவுற்றமையால் 2022 டிசம்பரில் அதில் இரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பெற்றது. பாலத்தை விடாத காற்று நம் காரை விடுமா?

ஆகவே, வண்ணம் உடையாத ஒடுக்கு அவசரமற்றது. அது கண்ணுக்குத்தான் குறை, தகட்டுக்கு ஆபத்தில்லை. வண்ணம் உடைந்த கீறலோ, ஒடுக்கு எத்துணைச் சிறிதாயினும், இன்றே கவனிக்க வேண்டியது. நாமோ பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடந்துகொள்கிறோம். உறவினர் பார்த்துவிடுவார்களே என்று பெரிய ஒடுக்குக்கு அலறுகிறோம். நகக்கண் அளவு உடைப்பை மறந்து, அதன்மேல் உறையையும் போர்த்திவிடுகிறோம். உப்புப் படிந்த காரைக் கழுவாமல் உறையிட்டால் ஈரம் உள்ளேயே தங்கும். சபுராளி திரும்பி வருவதற்குள் துரு வண்ணத்தின் அடியில் ஊர்ந்து குமிழியிட்டிருக்கும்.

வீட்டிலேயே செய்யத்தக்கவை எவை? முன்பின் பம்பர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். அவற்றில் வெந்நீர் ஊற்றி, கையுறை அணிந்து, உட்புறமிருந்து தள்ளினால் ஒடுக்கு வெளிவருவதுண்டு. எஃகுக் கதவில் வெந்நீர் பலிக்காது. கதவு சுத்தமாகும், அவ்வளவே. அகன்று ஆழமில்லாத ஒடுக்கை உறிஞ்சு கிண்ணத்தால் இழுக்கலாம். முனை மடிந்து கோடு விழுந்திருந்தால் அதுவும் உதவாது. சிறு உடைப்பைக் கழுவி உலர்த்தி, துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, ப்ரைமர் தொட்டு, அதே நிறத்தின் டச்-அப் பெயிண்டை மெல்லிய தூரிகையால் வைப்பது வீட்டிலுள்ள எவரும் செய்யக்கூடிய வேலை. அழகாக இராது, ஆனால் காக்கும். முள் கீறிய வண்டிகளுக்கு இவ்வூர்களில் இதைவிடப் பயனுள்ள வேறு வைத்தியமில்லை என்பேன்.

சுத்தியலை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அடிக்க அடிக்கத் தகடு நீளும். நீண்ட தகட்டுக்கு இருக்க இடம் போதாமல், அழுத்தினால் உள்ளேயும் விட்டால் வெளியேயும் ‘டப் டப்’ என்று துள்ளும். டிங்கர் ஒரு கையில் சுத்தியலும், மறுபுறம் தாங்குவதற்கு டாலி என்னும் இரும்புக் கட்டியுமாக வேலை செய்வது இதனால்தான். நீண்ட தகட்டைச் சூடு காட்டிச் சுருக்கவும் அவருக்குத் தெரியும். வண்ணம் உடையாத ஒடுக்கைப் பின்புறமிருந்து கம்பிகளால் சிறிது சிறிதாகத் தள்ளி, சாயமே பூசாமல் நேராக்கும் தனித் திறனாளர்களும் நகரங்களில் இருக்கின்றனர். மணிக்கணக்கில் ஒரே இடத்தை நோக்கும் பொறுமை வேண்டிய தொழில் அது. கூலி மிகுதியாகத் தோன்றினால், அவர் எத்தனை ஆண்டுகள் எத்தனை தகடுகளைக் கெடுத்துக் கற்றார் என்பதையும் அக்கூலியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறு ஒடுக்குக்குக் காப்பீட்டை நாடுவோர் ஒன்றை எண்ண வேண்டும். கோரிக்கையின்றிக் கழியும் முதலாண்டுக்குப் பின் வண்டிச் சேதப் பிரீமியத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி தொடங்கி, ஐந்தாண்டில் 50 விழுக்காடு வரை வளர்கிறது. ஒரு சிறு கோரிக்கையால் அது பறிபோகும்.

இப்போது பட்டியைப் பற்றிப் பேசியாக வேண்டும். பட்டறைகளில் குழியை நிரப்பி மேல் சாயம் அடிக்கப் பயன்படும் இப்பசை, ஃபைபர் படகின் ரெசினுக்கு நெருங்கிய உறவு. இரண்டும் பாலியெஸ்டர் இனம். ஒடுக்கை எடுத்து நேராக்கியபின் எஞ்சிய சிறு மேடுபள்ளத்தை மெல்லிய பட்டியால் சமன் செய்வது முறையான வேலை. ஒடுக்கை எடுக்காமல், துருவையும் சுரண்டாமல், குழியின்மேலேயே விரற்கடைக் கனத்துக்குப் பட்டியை அப்பி மினுக்குவது வேறு வகை. பட்டி ஈரத்தை உறிஞ்சும். உப்பூரில் அது அடியிலிருக்கும் துருவுக்குத் தீனி. ஓரிரு மழைக்காலத்தில் வெடித்து உதிரும். ஆகவே பட்டறையில் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல: “ஒடுக்கை எடுத்துவிட்டுப் பட்டி வைப்பீர்களா, ஒடுக்கின் மேலேயே வைப்பீர்களா?” என்று கேளுங்கள். “ப்ரைமர் அடிப்பதற்கு முன் ஒரு தடவை கூப்பிடுங்கள் பாய், வந்து பார்க்கிறேன்” என்று சொல்லிவையுங்கள். கோட்டைப்பட்டினத்துப் படகு உரிமையாளர் ஓடாவியின் அருகிலேயே குந்தியிருக்கக் காரணம் இதுவே. நல்ல கைவினைஞர் இதற்குச் சினம் கொள்ளமாட்டார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அப்படிப் பூசி மெழுகிய காரை நாம் விற்கப் போகிறோம் என்று வையுங்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, மேலே உலர்ந்தும் அடியில் நனைந்தும் இருக்கக் கண்டு, ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று வினவிய நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். பட்டிக்கு அடியிலிருக்கும் துருவும் அந்த ஈரமே. வாங்குவோரும் எச்சரிக்கையாயிருக்கலாம். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் மேல் நகர்த்தினால், நல்ல எஃகில் பற்றும். கனத்த பட்டியில் நழுவும்.

மறுபுறம், குறையுள்ளதெல்லாம் கேடு என்பதும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் நம் இல்லங்களில் ஓதும் அல்கஹ்ஃபு அத்தியாயத்தில், கடலில் உழைத்த ஏழைகளின் மரக்கலத்தை மூஸா (அலை) அவர்களுடன் சென்ற நல்லடியார் வேண்டுமென்றே பழுதாக்கினார். பழுதற்ற கலங்களைப் பறித்துக்கொண்டிருந்த அரசனிடமிருந்து அதைக் காப்பதற்காக. அந்தக் கலம் பழுதோடு அவர்களிடமே எஞ்சியது. வண்ணம் உடையாத ஒடுக்கோடு ஓடும் காரைக் கண்டு வெட்கப்படுவோர் இதை ஒருமுறை எண்ணிக்கொள்ளலாம். அந்தப் பணம் மகளின் கல்லூரிக் கட்டணமாக ஆகுமானால், ஒடுக்கு அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டுமே.

கோட்டைப்பட்டினத்துக்குச் செல்ல எண்ணுவோர் மே மாதத்தில் செல்லுங்கள். காலை வெயில் ஏறுமுன் துறையில் இருந்தால் வேலை முழுவீச்சில் நடப்பதைக் காணலாம். ஓடாவி திரி அடித்துக்கொண்டிருக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். தேநீர் வரும் நேரத்தில் கேளுங்கள், விரிவாகச் சொல்வார்கள். ஜூன் 14 நெருங்கினால் எவருக்கும் பேச நேரமிராது. ஊர் திரும்பியதும், காரை உறைக்குள் தள்ளுமுன், அடிப்பாகம் உட்பட நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிடுங்கள்.