டொக்டர் மட்டுமா ஆஸ்பத்திரி?

ஏலெவல் ரிசல்ட் வந்தால் எங்கள் ஊரில் பயோ பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்விதான். "மெடிசின் கிடைக்குமா?" கிடைக்கும் என்றால் வீடு நிறையச் சனம். கிடைக்காது என்றால் அந்த வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை. பிள்ளை மூன்று பாடமும் நன்றாகச் சித்தியடைந்திருக்கும். ஆனாலும் ஊர்ப் பேச்சு, "பாவம், அவவுக்குத் தவறிட்டு" என்றுதான்.

அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் பயிற்சி பெற்ற நாங்கள் மூன்று பேர் இப்போது ஒரே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறோம். இந்தப் பேச்சை ஒவ்வொரு வருடமும் கேட்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பயோ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டார் கடைசி வரை வாசியுங்கள்.

உயர்தரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேராதனைப் பல்கலைக்கழகம் பார்க்கப் போனோம். மஹியங்கனைப் பாதையில் 18 வளைவும் ஏறி முடிவதற்குள் பாதிப் பிள்ளைகள் சத்தி எடுத்துவிட்டார்கள். ஆனால் உள்ளே போனதும் களைப்பு பறந்துவிட்டது. மகாவலி கங்கைக் கரையில், மலையடிவாரத்தில், ஓர் ஊரையே கட்டி வைத்த மாதிரி இடம். 1942 இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு வந்தது. இன்று அங்கே ஒன்பது பீடங்கள். பெரிய நூலகம், விடுதிகள், சுகாதார நிலையம், விளையாட்டு மைதானம், பக்கத்திலேயே சரசவி உயன புகையிரத நிலையம். பன்சலை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எல்லாம் வளவுக்குள்ளேயே உண்டு.

பிள்ளைகள் எல்லோரும் மருத்துவ பீடம் எங்கே என்று கேட்டார்கள். காட்டினோம். 1962 இல் தொடங்கியது, கொழும்புக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம். பிறகு நாங்கள் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டோம். "இங்கே சுகாதாரம் சம்பந்தப்பட்ட பீடங்கள் மொத்தம் எத்தனை?" ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

நான்கு. மருத்துவம், பல் மருத்துவம், மிருக வைத்தியம், இணை சுகாதார விஞ்ஞானம்.

பல் மருத்துவக் கல்வி 1943 இல் கொழும்பில் தொடங்கி 1954 இல் பேராதனைக்கு வந்தது. நெடுங்காலம் நாட்டுக்கே பல் டொக்டர்களை உருவாக்கியது இந்த ஓர் இடம்தான். "பல்லுப் புடுங்குற படிப்பு" என்று நம்மவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடாத வீடு நம் பக்கத்தில் எத்தனை? வாய்க்குள் ஒரு வெள்ளைத் தழும்பைக் கண்டு, இது பிறகு புற்றாக மாறலாம் என்று முதலில் சொல்லக்கூடியவர் பல் டொக்டர்தான்.

மிருக வைத்தியம் என்றாலும் அதே சிரிப்பு. அம்பாறை மாவட்டத்தில் மாடும் எருமையும் ஆடும் கோழியும் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன? மாட்டுக்கு நோய் வந்தால் பாலும் போகும், கடனும் ஏறும். விசர்நாய்க்கடி போல மிருகத்திலிருந்து மனிதனுக்கு வரும் நோய்களும் இந்தப் படிப்புக்குள் அடக்கம்.

அடுத்தது இணை சுகாதார விஞ்ஞான பீடம். நம் பெற்றோர் பலர் பெயரைக்கூடக் கேள்விப்படாத பீடம் இது. தாதியியல், மருந்தகவியல், பிசியோதெரபி, ரேடியோகிராபி, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்று அங்கே ஐந்து படிப்புகள். ஒவ்வொன்றும் நான்கு வருடப் பட்டப்படிப்பு. பயிற்சி, ஆஸ்பத்திரி வார்டிலும் லெப்பிலும்.

டெங்கு காலத்தில் "பிளேட்லட் எவ்வளவு?" என்று நாம் நாளுக்கு நாலு தரம் கேட்கிறோம். அந்த இலக்கம் லெப்பிலிருந்து வருகிறது. அது பிழைத்தால் டொக்டரின் முடிவும் பிழைக்கும். சத்திரசிகிச்சைக்கு முன் இரத்தம் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் அங்கேதான். சீ.ரி. ஸ்கேன் எடுப்பவர் ரேடியோகிராபர். புற்றுநோயாளிக்குக் கதிர் கொடுக்கும் மெஷினை இயக்குவதும் அந்தத் துறையில் படித்தவர்கள். அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் பயனில்லை.

மருந்து விஷயத்தில் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். பேராசிரியர் சேனக பிபிலே. பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர். 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். விலை கூடிய கம்பனிப் பெயரில் அல்லாமல், மருந்தை அதன் சொந்தப் பெயரில் மலிவாக மக்களுக்குக் கொடுக்கலாம் என்று நின்றவர். இன்று நாம் ஒசுசலவில் பிரஷர் குளிசை வாங்கும்போது மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயிலும் அவருக்குப் பங்கு இருக்கிறது. அவர் கையாண்ட பாடம் மருந்தியல். மருந்தைப் பற்றிய அறிவு ஒரு நாட்டின் சல்லியையே காப்பாற்றும் என்பதற்கு அவரே சாட்சி.

இப்போது பிசியோதெரபிக்கு வருவோம். எங்களிடம் படித்த ஒரு பிள்ளைக்கு அந்தப் படிப்பு கிடைத்தது. வீட்டுக்குப் போனோம். வாப்பா வெளித் திண்ணையில் இருந்தார். "சேர், என்ட புள்ளய கை கால் உருவி விடுறதுக்கா இவ்வளவு சல்லி கட்டி டியூசனுக்கு அனுப்பின நான்?" என்றார். உம்மா கதவோரம் நின்றா, ஒன்றும் பேசவில்லை. மூன்று தரம் போய்ப் பேசினோம். அவர் மசியவில்லை. பிள்ளை அந்த இடத்தை விட்டுவிட்டா. மூன்றாம் தடவையும் பரீட்சை எழுதிவிட்டு இப்போது ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறா. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் தோற்றலாம். இனி நாலாவது இல்லை.

அந்த வாப்பாவை நாங்கள் குறை சொல்லவில்லை. வெயிலில் நின்று உழைத்து மகளை டொக்டராக்கக் கனவு கண்டவர். ஆனால் அதே தெருவில் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போன மூத்தம்மா ஒருவர் மாதக்கணக்கில் கட்டிலில் கிடக்கிறா. டொக்டர் உயிரைக் காப்பாற்றி அனுப்பிவிட்டார். எழுந்து நடக்க வைப்பது பிசியோதெரபிஸ்டின் வேலை. முதல் வாரங்களில் சரியான பயிற்சி கிடைத்தால் எத்தனையோ பேர் தாமாகக் கக்கூசுக்குப் போகுமளவுக்குத் தேறுகிறார்கள். கிடைக்காவிட்டால் தசை இறுகும், படுக்கைப்புண் வரும்.

இன்னொன்று. நம் வீட்டுப் பெண்களுக்கு மார்பில் கட்டி என்று ஸ்கேன் எடுக்கப் போனால் முதலில் என்ன கேட்கிறோம்? "பொம்புள ஆக்கள் இருக்காங்களா?" கேட்பது நியாயம்தான். வெட்கத்தால் காட்டாமல் விட்டு, நோய் முற்றிய பிறகு போகிற உம்மாமார் நம் ஊரிலும் இருக்கிறார்கள். தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வார்டில் பாஷை விளங்காமல், வலி எங்கே என்று சொல்லத் தெரியாமல் படுத்திருந்த ஒரு ராத்தாவை நாங்களே பார்த்திருக்கிறோம். தமிழ் பேசும் பெண் ரேடியோகிராபர், பெண் பிசியோதெரபிஸ்ட், பெண் தாதி வேண்டும் என்கிறோம். ஆனால் நம் மகளை அனுப்ப மாட்டோம் என்கிறோம். பிறகு யாருடைய மகள் வருவா?

பயங்கள் இருக்கின்றன, தெரியும். தூரம், விடுதி, பகிடிவதை. பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஆனாலும் அது அடியோடு ஒழிந்துவிட்டது என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். பிள்ளையோடு ஒவ்வொரு நாளும் பேசுங்கள். ஒன்று நடந்தால் மறைக்காமல் சொல்லும் தைரியத்தைக் கொடுங்கள். செலவுக்குப் பயப்பட வேண்டாம். அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல இருக்கிறது.

இங்கிலிஷ் உண்மையான தடை. பாடம் முழுக்க இங்கிலிஷில், அங்கே நோயாளிகள் பெரும்பாலும் சிங்களத்தில். பரீட்சை முடிந்து கெம்பஸ் திறக்கும் வரை உள்ள மாதங்களைப் போனிலேயே கழிக்க விடாதீர்கள். இங்கிலிஷும் பேச்சுச் சிங்களமும் படிக்க வேண்டிய காலம் அதுதான்.

பட்டம் கையில் வந்த மறுநாளே அரச நியமனம் வரும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. காத்திருக்க நேரலாம். ஆனால் இந்தத் தொழில்கள் இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் ஒரு நாள்கூட ஓடாது.

கடைசியாக விண்ணப்பம். உயிரியல் பிரிவில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நீங்கள் எழுதும் விருப்ப ஒழுங்கில், இஸட் ஸ்கோர் போதுமாக உள்ள முதல் படிப்புத்தான் கிடைக்கும். மெடிசினை முதலில் எழுதுங்கள், தடையில்லை. ஆனால் அதோடு பேனையை மூடாதீர்கள். பல் மருத்துவம், மிருக வைத்தியம், பிசியோதெரபி, மருந்தகவியல், தாதியியல், லெப், ரேடியோகிராபி எல்லாவற்றையும் பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு வரிசைப்படுத்துங்கள். எழுதாத படிப்பு கிடைக்கவே கிடைக்காது.

ரிசல்ட் வந்து விண்ணப்பம் கோரியதும், சனிக்கிழமைகளில் காலை பாடசாலை விஞ்ஞான கூடத்தில் ஆணைக்குழுவின் கைந்நூலோடு இருப்போம். எந்தப் பாடசாலைப் பிள்ளையும் வரலாம். வாப்பாவையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எங்களுக்கு அவர்களோடுதான் முதலில் பேச வேண்டும்.